இருபத்து நான்கு புள்ளி இரண்டு

புருல் என்னைத் திருடன் என்றாள்,
நரின் கடைத்தெருவே கேட்க.
ஹீட்டரைக் கல்லாப்பெட்டி மேல் வைத்த வேகத்தில்
சில்லறை துள்ளியது.
"இரண்டாயிரம் வாட் என்று எழுதியிருக்கிறாய்.
நேற்றிரவு இரண்டு குட்டிகள் விறைத்துச் செத்தன.
எங்கே போனது உன் இரண்டாயிரம்?"

செருகிக் காட்டினேன்.
இருநூற்றிருபது வோல்ட்,
ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல்.
பெருக்கினால் இரண்டாயிரம்.
"மீட்டரும் உன்னுடையதுதானே" என்றாள்.

மடியில் கனமில்லை.
ஆனால் வழி, நாற்பது கிலோமீட்டர் பனி.
கடையைச் சாத்திவிட்டு அவள் லாரியில் ஏறினேன்.
அவள் பேசவில்லை.
மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தேன்,
அறுநூறுக்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

ஊரின் கடைசிக் கம்பம்
அவள் கொட்டகையில் முடிகிறது.
அதற்கப்பால் மலைதான்.
ஈரக் கம்பளி வாசம்.
ஒன்பது குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாய்.
செருகுமுன் நூற்றெண்பத்து நான்கு வோல்ட்.
செருகியதும் நூற்றெழுபத்தாறு.
ஆம்பியர், ஏழு புள்ளி இரண்டு ஏழு.

மாவுச் சாக்கைக் கவிழ்த்து
அதன் முதுகில் கணக்குப் போட்டாள்.
கூட்டுறவில் கம்பளி எடை எழுதுகிறவள்;
கிராமுக்குக் கிராம் சண்டை போட்ட பென்சில்.
வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தாள்:
இருபத்து நான்கு புள்ளி இரண்டு ஓம்.
கடையில் அளந்ததையும் வகுத்தாள்:
அதே இருபத்து நான்கு புள்ளி இரண்டு.
இடம் மாறியும் சுருள் சொல் மாறவில்லை.
பிறகு பெருக்கினாள்.
ஆயிரத்து இருநூற்றெண்பது வாட்.
நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்தாள்.

"வோல்ட் ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது,
சூடு ஏன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது?"
"அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் கூடவே குறைகிறது.
குறைந்ததைக் குறைந்ததால் பெருக்குகிறோம்."
"ஏழை வீட்டுக் கணக்கு" என்றாள்,
தலை நிமிராமல்.

செருகியதும் விழுந்த அந்த எட்டு வோல்ட்?
அதையும் ஆம்பியரால் பெருக்கினாள்:
ஐம்பத்தெட்டு வாட்.
பள்ளத்தாக்கு நெடுகக் கம்பி
உன் காசில் குளிர் காய்கிறது, என்றேன்.
அதற்கு மட்டும் சிரித்தாள்.

சிரித்துவிட்டாளே என்று வியாபாரி வாய் திறந்தான்:
"சுருளை வெட்டிக் குட்டையாக்கித் தருகிறேன்.
தடை பதினைந்தரை ஓமுக்கு இறங்கினால்
இந்தச் சோனி மின்சாரத்திலும்
இரண்டாயிரத்தை நெருங்கலாம்."
பென்சில் நின்றது. பிறகு ஓடியது.
"நள்ளிரவில் ஊர் அடங்கும்.
எல்லார் வீட்டு அடுப்பும் அணையும்.
வோல்ட் பழைய உயரத்துக்கு ஏறும். அப்போது?"
இருநூற்றிருபதை இருநூற்றிருபதால் பெருக்கி
பதினைந்தரையால் வகுத்தாள்.
மூவாயிரத்து நூறுக்கு மேல்.
மெலிந்த ஒயரைப் பார்த்தாள்,
சுற்றிலும் வைக்கோலைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"நீ திருடன் இல்லை, நுர்தோலோத்.
முட்டாள்."

வாட்டைக் கூட்ட முடியாது.
சுவரைக் கிட்டே கொண்டுவரலாம்.
கோடைக் கூடாரத்தின் கெட்டிக் கம்பளிகளைப்
பரணிலிருந்து இழுத்துப் போட்டாள்;
தூசியில் இருவரும் இருமினோம்.
வைக்கோலை வெளியே வாரினோம்.
நான் ஆணி பிடித்தேன், அவள் அடித்தாள்.
ஒரு அடி என் விரலில்.
வேண்டுமென்றே இல்லை என்று நினைக்கிறேன்.
கொட்டகைக்குள் ஒரு சின்னக் கொட்டகை,
நடுவே வெறுந்தரையில், வலைக்குப் பின்னால்,
அதே ஹீட்டர், அதே ஆயிரத்துச் சொச்சம்.

விடியுமுன் எண்ணினாள்.
நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.
ஒன்பது.

மார்ச்சில் கடைக்கு வந்தாள், ஒயர் வாங்க.
மன்னிப்பு எதுவும் கொண்டுவரவில்லை.
சுருளின் விலையை மீட்டரால் வகுத்துப் பார்த்துவிட்டு
பணத்தை எண்ணி வைத்தாள்.