அரை அங்குலம், இருபது பல்

ஹோர்லிக்ஸ் மூடிக்குள் மூன்று போல்ட் கொண்டு வந்தாள்
திலகசோதி. ஒட்டுசுட்டான் சந்தி, பகல் பதினொன்று.
அவளுடைய ஏ-நாற்பது ஜாக்கில் நின்றது,
இடது முன்சில்லு கழற்றி, கீழ்க்கை தொங்கி,
முறிந்த போல்ட்டின் மிச்சம் இன்னும் புஷ்சுக்குள்.

முதலாவது மின்னியது. ஸ்டெயின்லெஸ்.
"கடற்காத்துக்கு நல்லது எண்டவன்."
படலைக்கு நல்லது. கிணற்றுக் கப்பிக்கும் நல்லது.
இங்கே பாரம் குழிக்குக் குழி குறுக்கே அறுக்கும்;
இது பளபளத்தபடியே இழுபடும்.

அடுத்தது பன்னிரண்டு மில்லிமீற்றர்.
விரலால் தள்ள, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உள்ளே போனது.
அதுதான் பிழை.
முக்கால் மில்லிமீற்றர்கூட இல்லை இடைவெளி,
மாங்குளம் போய் வருமுன் தன்னைத் தானே பெருப்பிக்கும்.
கழுத்துவரை மரை வேறு.
மரை பிடிப்பதற்கு.
சுமக்கிறது மழுமழுத்த தண்டு.

மூன்றாவதை எடுத்ததும் கை நின்றது.
அரை அங்குலம். இருபது பல். தலையில் மூன்று கோடு.
"எங்கால?"
"புதுக்குடியிருப்பு. பழைய இரும்புக் குவியல்."
பஸ், லாண்ட்மாஸ்டர், சைக்கிள்களுக்கு அடியில்
ஒரு ஏ-நாற்பதின் மூக்கைக் கண்டிருக்கிறாள்.
"நம்பர் பாத்தனீங்களோ?"
"பாத்தன்."
மேலே சொல்லவில்லை. நான் போல்ட்டை டீசலில் கழுவினேன்.

புதுச் சுரை ஒன்றைக் கையால் ஓட்டினேன்.
நாலு சுற்று ஓடி ஐந்தாவதில் இறுகியது.
வேர்னியரை வைத்தால் தண்டின் நடுவில் ஒரு மெலிவு.
இழுபட்ட இரும்பு.
"வேண்டாம்" என்றேன்.
"அளவு சரியெண்டு உங்கட வாயாலதானே சொன்னீங்கள்!"
அளவு சரி.
அவள் அதைத் துணியில் துடைத்தாள். மற்ற இரண்டையும் விட்டுப் போனாள்.

செவ்வாய் இரவு பஸ்ஸில் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது,
கறுப்பாய், எண்ணெய்க் கடதாசியில் சுற்றி,
ஒரு கிலோ இறாலின் விலைக்கு.
சுரையும் புதுசு. நைலோன் வைத்த சுரை ஒருதரம்தான் பிடிக்கும்.
தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிக் கிழியும்.
காரை நிலத்தில் இறக்கி, "ஏறி இருங்கோ" என்றேன்.
தன் பாரம் தன் கால்களில் வந்து குந்திய பிறகு
அடியில் படுத்துக் கடைசி இறுக்கு.

முத்தையன்கட்டுப் பாதையில் அவளே ஓட்டினாள்,
வேண்டுமென்றே குழி பார்த்து.
முன்பக்கம் மூச்சில்லை.
டாஷ் பெட்டிக்குள் மட்டும் ஏதோ கிலுகிலுத்தது.
திரும்பினேன். அவள் வீதியைப் பார்த்தாள்.
அது சஸ்பென்சன் இல்லை.