தவணை

வாட்டர்பம்புக்கு வாயில்லை.
அதனால்தான் நான் பேசவேண்டி வந்தது.

பில்லை முதலில் கொப்பி எடுத்தேன்.
சூட்டில் எழுத்து விழும் கடதாசி அது,
ஆறு மாதத்தில் வெறும் வெள்ளையாகிவிடும்.
வவுனியாக் கடை, திகதி, அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு:
மங்கலாய் இருந்தது. ஆனால் இருந்தது.

பிறகு கடிதம், பதிவுத் தபாலில்.
"தாங்கள் கச்சானுக்கு இறைக்கவென
என்னிடம் இரவலாகப் பெற்று
எஞ்சின் எரிந்த நிலையில் ஒப்படைத்த…"
தாங்களாம்!
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
"எடேய் யோகறஞ்சன், மிசினுக்கு என்னடா பதில்"
என்று மூன்று மாதம் கத்தியவள் நான்.
முத்தையன்கட்டு இடதுகரையில் எழுதிய கடிதம்
எங்கெங்கோ போய் முத்திரை குத்துப்பட்டு
என் வேலியின் அடுத்த பக்கம் வந்து இறங்க
நாலு நாள் எடுத்தது.

மத்தியஸ்த சபை
ஒட்டுசுட்டானில், சனிக்கிழமைகளில்.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில்
முழங்கால் நாடியில் இடிக்க இருந்தோம்.
"விட்டுக்குடுங்கோ பிள்ளை" என்றார்கள் மூன்று பேரும்.
அவன் பாதி தருவதாகச் சொன்னான்.
எஞ்சின் பாதியோ எரிஞ்சது என்றேன்.
மூன்றாம் சனி,
சரிவரவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள்.
என் கலியாணச் சான்றிதழ் மாத்தளன் மணலோடு போனது.
இதைப் பொலித்தீனில் சுற்றி
அரிசி வாளிக்குள் வைத்தேன்.

முல்லைத்தீவு. மேசைக்கு அந்தப் பக்கம்
பேனையோடு ஒருவர்.
"தொகை?"
சொன்னேன்.
"வேறை நட்டம்?"
வெண்டிப் பாத்தி நாற்பது, தண்ணியில்லாமல் காய்ந்தது.
எழுதினார்.
"வேறை?"
தாளில் இன்னும் இடம் கிடந்தது,
ஐந்தாறு வரிக்கு.
யன்னலில் ஒரு காகம் வந்து இருந்தது.
இல்லை என்றேன்.

வழக்குக்குப் போக ஒரே பஸ், காலை ஆறு பத்துக்கு.
நான் மதகடியில், அவன் பாலைமரத்தடியில்.
வழக்காளி முன் சீற்றில்,
எதிராளி மிதிபலகையில்.
முதல் தவணை நீதவான் லீவு.
இரண்டாம் தவணை அவனுடைய சட்டத்தரணி வரவில்லை.
மூன்றாம் தவணையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்,
"கமலரூபி, கமலரூபி, கமலரூபி",
மூன்று முறை. எழும்பி நின்றேன்.
அடுத்த தவணை சொன்னார்கள். இருந்தேன்.

நாலாம் தவணையன்று குளம் வான்பாய்ந்தது.
பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றோம்.
அவன் போனில் கத்தினான்:
"சேர், வரேலாது, தண்ணி. ஓம்.
அவவும் என்னோடதான் நிக்கிறா,
அவவின்ரையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கோ."
அப்படித்தான்
எதிராளியின் சட்டத்தரணி
எனக்காகவும் ஒரு முறை எழும்பி நின்றார்.

திரும்பி வர அவனிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாள் மட்டும்.
கொண்டக்டர் மாற்றித் தர மாட்டேன் என்றான்.
நான் கொடுத்தேன், இரண்டு ரிக்கற்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
நனைந்த செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான்.
ரிக்கற் இரண்டையும்
பைலுக்குள் வைத்தேன், பழக்கதோசத்தில்.

ஐந்தாம் தவணையில் ஒத்துக்கொண்டான்.
மாதம் ஐயாயிரம்.
அன்றுவரை தவணை என்றால்
விடியப்புறம் எழும்புகிற நாள்.
அன்றிலிருந்து அது காசு.
பதின்மூன்று தவணையும், கடைசியில் ஒரு மூவாயிரத்து ஐந்நூறும்.
வெண்டிப் பாத்தியை நான்தான் விட்டேன்.

போன கிழமை புது மிசின் இறக்கினேன்.
நீலப் பெயின்ற், இரண்டு இஞ்சிக் குழாய்.
கயிற்றை இழுத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை,
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:
"அக்கா, பின்னேரம் மிசின் சும்மாவோ நிக்குது?"

"கடிதம் போடு" என்றேன்.
"பதிவுத் தபாலில்."