மூன்று நாள் தண்ணீர்

அணையில் மதகு திறந்துவிட்டார்கள்,
மூன்று நாள் மட்டும்,
என்றது செய்தித்தாளின் ஏழாம் பக்கம்.
முதல் நாள் குப்பையும் நுரையும் போகட்டும்.
இரண்டாம் நாளை மணல் குடிக்கட்டும்.
மூன்றாம் நாளுக்கு நான்
மின்வாரியக் கவுன்ட்டரில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்:
வயிற்றுவலி.

ஆற்றுக்கு ஆண்டில் சில நாள்தான் வேலை.
எனக்குத்தான் தினமும்.

ஆலப்புழையில் மூடிப்போன விடுதியிலிருந்து
ஏலத்தில் எடுத்த மஞ்சள் கயாக்
ரசீதுவின் லோடு ஆட்டோவில்
நாலடி வெளியே நீட்டிக்கொண்டு
நுனியில் சிவப்புத் துணி கட்டி
திருவேடகத்தில் வந்து இறங்கியது.
முன் இருக்கை ஸ்டெல்லா பாக்கியத்துக்கு,
பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்.
எடை கூடியவர் பின்னால் என்பது விதி.
அதை அவள் சொன்ன விதம்தான்
எனக்குப் பிடிக்கவில்லை.

ஏடு எதிரேறிய ஊர்.
ஓலைக்குத் துடுப்பில்லை, ஏறியதாம்.
நாங்களும் ஒருமுறை பார்ப்போமே என்று
நான்கு கையால் கால் மணி நேரம் எதிர்த்தோம்.
கரையில் ஒருவர் வேட்டியை அலசி, பிழிந்து,
உதறி, காயப்போட்டும் முடித்தார்.
நாங்கள் அவருக்கு நேராகவே இருந்தோம்.

"கையால வலிக்காத. இடுப்பால வலி."
கால்விரலுக்கு நேரே ஊன்று,
இடுப்பைத் தாண்டும் முன் எடு;
அதற்குமேல் இழுப்பதெல்லாம்
ஆற்றைத் தூக்குகிற வீண் வேலை.
ஊசி போட்டுப் பழகிய கை அவளுக்கு,
துடுப்பு நுழைந்ததே நீருக்குத் தெரியவில்லை.
என் துடுப்பு தவறாமல்
அவள் முதுகை நனைத்தது.

மேலக்கால் பாலத் தூணுக்குப் பின்னால்
ஆறு திசை மறந்து மேல்நோக்கி ஓடும் ஓரிடம்,
ஒரு பாய் அகலம்.
மூக்கை நுழைத்தால் படகு நின்றுவிடும்.
நின்றோம்.
சாத்துக்குடி உரித்தோம்.
சோழவந்தான் வெற்றிலை ஒன்று
எங்களோடு சுற்றிச் சுற்றி வந்தது.
வலதும் இடதும் வெள்ளம்
பஸ்ஸைத் தவறவிட்டவர் போல் ஓடிக்கொண்டிருந்தது.

கொச்சடைக்கு முன்
மணல் அள்ளிய குழிமேல் நீர் பச்சையானது.
அதற்கப்பால் ஆற்று நடுவில் சீமைக்கருவேலம்.
வறண்ட மாதங்களில் நிம்மதியாக வளர்ந்து
இன்று இடுப்பளவு வெள்ளத்தில்
நீரை மட்டும் விட்டு
மற்றதைப் பிடித்துக்கொள்ளும் சல்லடை.
பிடித்து வைத்திருந்தது:
ஒற்றைச் செருப்பு, ஊறிய தலையணை,
கல்யாண பேனரில் கிழிந்த பாதி மாப்பிள்ளை.
பிறகு எங்களை.

குறுக்காகத் திரும்பிய படகு முள்ளை நோக்கிப் போக
உடம்பு முழுக்க ஒரே சொல்: விலகு.
விலகிச் சாய்ந்தால் மேல்விளிம்பு தாழும்,
ஆறு ஏறி மடியில் உட்காரும்,
அப்புறம் படகு மேலே, நாம் கீழே.
தெரியும். படித்திருக்கிறேன்.
தெரிந்தும் தோள் எதிர்ப்பக்கம்தான் போனது.
"முள்ளுப் பக்கம் சாயி!"
கத்தியது நானா அவளா?
சாய்ந்தோம்,
கன்னத்தைக் கிளைக்குக் கொடுத்து
மரத்தைக் கட்டிக்கொண்டோம்.
படகு நிமிர்ந்தது.
வெள்ளம் அடியில் உறுமிக்கொண்டு போனது.
ஒரு கொம்பை விட்டு மறு கொம்பைப் பற்றி
ஒருவழியாய் வெளியே வந்தபோது
ஸ்டெல்லாவின் புறங்கையில் பதினொரு கீறல்.
உற்றுப் பார்த்து, தொழில் சுத்தமாகச் சொன்னாள்:
"நரம்பு தப்பிச்சிருச்சு."

கரைச் சாலையில் வண்டிகள் நின்றன.
செல்போன்கள் உயர்ந்தன.
"அக்கா, மீன் இருக்கா?"
"இல்ல தம்பி."
"அப்ப எதுக்கு?"
நான் வாய் திறப்பதற்குள்
ஆறு எங்களை நகர்த்திவிட்டது.

ஆரப்பாளையம் வருமுன்னே அடி உரசியது.
மேலே மூடிவிட்டார்கள்.
ஓடை ஓடையாய்ப் பிரிந்து
ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பள்ளம் தேட
ஆளுக்கொரு முனையாய்ப் படகைத் தூக்கி
மணலில் நடந்தோம்.

ரசீது போனை எடுக்கவில்லை.
டீக்கடை வாசலில் கயாக்கைக் கிடத்தினோம்.
பெஞ்சு என்று நினைத்தார்களோ என்னவோ,
இருவர் அதில் உட்கார்ந்து வடை பிய்த்தார்கள்.
உதவிப் பொறியாளரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது,
கீழே ஒரு வரி:
மஞ்சள் படகில் இருப்பவருக்கு
வயிற்றுவலி தேவலையா?

டீ வரும்வரை
நின்ற இடத்திலேயே என் இடுப்பு
இடமும் வலமும்
தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.