வயது என்றொரு நிரல் இல்லை

திங்கட்கிழமை ஓந்தாச்சிமடத்தில் துளைத்தோம்.
கடலுக்கும் வாவிக்கும் இடையில்
சைக்கிளில் போனால் வேர்க்குமுன் முடிந்துவிடுகிற நிலம்.
பதிவுத்தாளில் ஐந்து நிரல்கள்:
ஆழம், வகை, நிறம், நீர், குறிப்பு.
நான் எழுதுகிறவள்.
பேரின்பம் அண்ணன் துளைக்கிறவர்.

ஒன்றரை அடியில், விரல் தடிப்பில்,
கறுத்த தோட்டமண்ணுக்கு நடுவே
கோடு கீறினமாதிரி வெளிர்மணல்.
இந்தப் படை ஒன்றுக்குத்தான்
நாள், மாதம், காலையில் எத்தனை மணி என்பதுவரை
எனக்குத் தெரியும்.
குறிப்பு நிரலை வெறுமையாக விட்டேன்.
காணிக்காரி எட்டிப் பார்த்தாள்.
"அது வந்த மண்" என்றாள்,
போய்க் கோழியை விரட்டினாள்.

கீழே வெண்மணல். அதற்கும் கீழே ஊரி, மட்டி,
வாய் திறந்தபடி செத்த சிப்பிகள்.
பதினெட்டாம் அடியில் கரிய சேறு,
கண்ணா வேரின் அழுகல் மணத்தோடு.
ஐயாயிரம், ஆறாயிரம் வருசத்துக்கு முன்னர்
கடல் உள்ளே ஏறி வந்து கிடந்ததாம்.
திரும்பிப் போகையில்
மணலால் கதவைச் சாத்திவிட்டுப் போனது.
உள்ளே அகப்பட்ட துண்டைத்தான்
வாவி என்கிறோம், மீன் பிடிக்கிறோம்.

முப்பது அடியில் தண்ணீர்.
நாக்கில் வைத்தேன். சவர்.
மூடினோம்.

வியாழன், வெல்லாவெளி.
துளைகருவி லொறியை றம்ஸீன்
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிக் கொண்டுபோனான்.
நானும் மோட்டார் சைக்கிளும்
குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம்.
(எங்கள் பக்கம் மிதந்து போவதற்கும் பாதை என்றுதான் பெயர்.)
இரண்டு ஆசிரியைகள், ஒரு மூட்டை உமி, நான்.
பதினேழு நிமிசம்.
அந்தப் பதினேழு நிமிசத்துக்குள்
நூறு கோடி வருசம் கடந்ததை
ரிக்கற் கிழிக்கிறவர் கவனிக்கவில்லை.

எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்தவர்கள்
வெயிலைத்தான் பார்த்திருப்பார்கள்.
மண்ணும் அதையே சொல்லுமென்று
யார் கண்டது?
அந்தக் கரை இப்போதுதான் எழுந்தது,
முகம்கூடக் கழுவவில்லை.
இந்தக் கரை படுத்து எவ்வளவோ காலம்.

பதினொரு அடி செம்மண். பிறகு உக்கிய கல்.
இருபத்திரண்டில் துளைமுனை வீறிட்டது.
'கருங்கல்' என்று எழுதினேன்.
அண்ணன் 'சனியன்' என்றார்.
முனை ஒன்றின் விலை அவருக்குத்தான் தெரியும்.

மதியம் மொட்டைப்பாறையில் இருந்து சோறு தின்றோம்.
வெள்ளை, கறுப்பு, வெள்ளை,
பாறை முழுக்க நெளிந்த பட்டைகள்.
றம்ஸீன் கல்முனைத் தொதல் வெட்டித் தந்தான்.
இதுவும் அப்படித்தான் இருந்தது ஒருகாலம்:
மலைகளுக்கு அடியில், பல மைல் ஆழத்தில்,
கிண்டக் கிண்ட இழுபட்டு, மடிந்து,
ஆற ஆற இறுகி.
மேலே இருந்த மலையை
மழை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது.
இந்தக் கல் பிறந்த நாட்களில்
நாளுக்கு இருபது மணித்தியாலம்கூட இல்லை.
பச்சை என்கிற நிறம்
தரையில் இன்னும் ஏறவில்லை.
யாருக்கும் பசிக்கவில்லை.

இதன் மற்றப் பாதி
தென்துருவத்தில் பனிக்கடியில் கிடக்கிறது.
பிய்ந்து போனபோது சத்தம் வந்திருக்காது.
நகம் வளர்கிற வேகத்தில்தான்
கண்டங்களும் பிரிகின்றனவாம்.
அம்மாவும் அப்பாவும்கூட அப்படித்தான்;
எந்த நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

நூற்று நாற்பத்தாறாம் அடியில்
துளைமுனை திடுமென இலகுவாய் இறங்கியது.
வெடிப்பு.
எப்போதோ எதுவோ இழுத்த இழுவையில் விட்ட கீறல்.
அதற்குள்ளிருந்து தண்ணீர்
பால்போல, கல்மாவோடு, பீறியடித்தது.
ஆட்கள் கைதட்ட முன்னமே
ஒரு எருமைக்கன்று வந்து
சேற்றில் வாய் வைத்துவிட்டது.

நீர்: உண்டு.
நிறம்: வெள்ளை, தெளியும்.
குறிப்பு நிரலில் பேனாவைக் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
மை ஊறிப் புள்ளியானது.

கடைசிப் பாதை ஆறு மணிக்கு.
"ஓடு பிள்ளை" என்றார் அண்ணன்,
தலைமுடியெல்லாம் கல்மா வெளுத்திருக்க.