நனைந்த பந்துகளின் கணக்கு

வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு வலை,
வலைக்குப் பின்னால் கற்சுவர்,
சுவருக்குப் பின்னால் அட்லாண்டிக் சமுத்திரம்.
எங்கள் தீவில் சமதளம் அவ்வளவுதான்.

தொண்ணூறு நிமிடமும் துடுப்புப் படகில் காத்திருந்து
எல்லை தாண்டி வரும் பந்துகளைப் பொறுக்குவது என் வேலை.
கூலி, ஒரு பிளாஸ்க் காப்பி.
ஜெயித்தால் அதோடு
மரியுன் சுட்ட ருபார்ப் கேக்கில் ஒரு துண்டு.
ஏப்ரலில் தின்றது. ருசி மறந்துவிட்டது.

பதினோரு ஆட்டம். பதினோரு தோல்வி.

படகிலிருந்து ஆட்டம் தெரியாது.
சுவர் தெரியும், அதற்கு மேல் வானம் தெரியும்,
வானத்தில் எப்போதாவது
எங்கள் பையன்கள் உதைத்த பந்து
கடற்பறவைகளை ஒதுக்கிக்கொண்டு வந்து
தொப்பென்று விழும்.
எதிரணி உதைத்ததையும் எடுத்துத் துடைத்துத் தருவேன்,
ஆனால் எண்ணமாட்டேன்.

புகையிலை டப்பாவில் ஒரு குறிப்பேடு.
மே மாதம், ஆட்டத்துக்கு இரண்டு.
ஜூனில் நான்கு.
போன ஞாயிறு ஒன்பது.
இரண்டு எங்கே, ஒன்பது எங்கே!

"குறி தப்பியதைக் கூட்டிப் பார்த்துக் குளிர்காய்கிற ஆள்
உலகத்திலேயே நீ ஒருவன்தான்"
என்பான் மைத்துனன் ராஸ்முஸ்.
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன்தான் முதலில் வருவான்.
கார் மூக்கை மைதானத்துப் பக்கம் நிறுத்தி
பேப்பரை விரித்துக்கொள்வான்.
பேப்பர் படிக்கிறவனுக்கு எதற்கு
வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கிறது?

ஃபாரோ மழையில் வெளியே நிற்க ஆளில்லை.
கோட்டோரம் முப்பது கார்கள், ஆவி படிந்த கண்ணாடிகள்.
கோல் விழுந்தால் ஹாரன், அதுதான் எங்கள் கைதட்டல்.
கோல் நின்றது, ஹாரனும் நின்றது.
ஆறாவது தோல்விக்குப் பிறகு
மீன் ஃபாக்டரி மரியுன்தான் ஆரம்பித்தாள்.
கார்னர் கிடைத்ததற்கு ஒரு நீண்ட ஹாரன்.
பிறகு த்ரோ-இன்னுக்கும்.
கோல்கீப்பர் த்ரோந்துர் ஒரு பந்தைக்
கீழே விடாமல் பிடித்ததற்கு
முப்பது காரும் சேர்ந்து அலற,
மேட்டில் மேய்ந்த ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன.
வந்திருந்த அணி சிரித்தது.
சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் ஆடுகள் திரும்புவதில்லை.

வங்கிக்கார ஹானுஸிடம் வேறொரு சித்தாந்தம்:
ஐந்துக்குப் பூஜ்யம், நான்குக்குப் பூஜ்யம், மூன்று.
"இதே வேகத்தில் போனால்
செப்டம்பர் கடைசியில் ஜெயிக்கிறோம்."
யாரும் மறுக்கவில்லை. கணக்கு சரிதானே.

எனக்குத் தெரியாதா,
கடலில் விழுந்தது கோல் ஆகாது?
சில இரவுகளில் குறிப்பேட்டைத் திறப்பதே இல்லை.
ஒன்பதாவது தோல்விக்கு மறுநாள்
எங்கள் வீட்டு ஃபியூஸ் மாற்ற த்ரோந்துர் வந்தான்.
கண் வீங்கியிருந்தது.
நான் தட்பவெப்பம் பேசினேன், அவன் வயர் பேசினான்.
போகும்போது வாசலில் நின்று,
"நேற்று எத்தனை?" என்றான்.
ஏழு என்றேன்.
"ஏழா" என்று
இரண்டு படி ஒன்றாக இறங்கிப் போனான்.

நேற்று பன்னிரண்டாவது ஆட்டம்.
இரண்டாம் பாதி, எங்களுக்குக் கடல் பக்கம்.
எட்டுப் பந்து எடுத்துவிட்டேன், கை மரத்துவிட்டது.
திடீரென்று ஹாரன்.
கார்னராக இருக்கும் என்று துடுப்பைப் பிடித்தேன்.
ஹாரன் நிற்கவில்லை.
ராஸ்முஸின் ஹாரன் நான் கேட்டதே கிடையாது,
மெலிந்த, சளி பிடித்த சத்தம்,
அதுவும் கேட்டது.
வானத்தைப் பார்த்தேன், பந்து வரவில்லை.
இன்னும் பார்த்தேன்.
காலி வானம், மழை, ஒரு பறவை.
பந்து வரவில்லை!

மூன்றுக்கு ஒன்று, தோற்றோம்.
விதி விதிதான், கேக் கிடையாது என்றாள் மரியுன்.
ஹானுஸ் அக்டோபருக்குத் தேதி மாற்றிக்கொண்டிருந்தான்.
அவளுடைய பழைய வோல்வோவின் ஹாரன்
மாட்டிக்கொண்டு நிற்காமல் கத்தியது.
த்ரோந்துர் கையுறையைக் கழற்றி
பானெட்டைத் திறந்து
ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தான்.
எந்த வயர் என்று
அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?
வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தான்.
நாங்களும் அவசரப்படுத்தவில்லை.