தியோஃபிலோவின் காவல்

முதல் விடுதியில் முற்றம் இல்லை.
இரண்டாவதில் முற்றம் உண்டு, கதவு இல்லை.
மூன்றாவதில் ஒரு பையன்,
"தெருவிலேயே விடுங்க சென்யோரா,
இங்க எல்லாரும் நல்லவங்க" என்றான்.
எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் ஊரில்
நான் வண்டியை நிறுத்துவதில்லை.

நாஸ்காவிலிருந்து நாலாயிரம் மீட்டர் ஏறி
பூக்கியோவுக்கு இறங்கியிருந்தோம்,
நானும்
பதினோரு மாதத் தவணை பாக்கியுள்ள
என் நூற்றைம்பது சிசி சிவப்பும்.
வழியில் விக்குன்யாக்கள் நின்று பார்த்தன.
கையுறைக்குள் விரல்கள்
யாருடையவையோ போலிருந்தன.

படுக்குமுன் தினமும் செய்வது:
முன்சக்கரத் தட்டில் பூட்டு,
பின்சக்கரத்தில் சங்கிலி,
ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிக் காலுறைக்குள்,
கைப்பிடியில் ஓர் ஆட்டுமணி.
அதற்கப்புறமும்
மணிக்கொரு தரம் எழுந்து விளக்கைப் போட்டு ஜன்னல்.
தூங்குகிறவன் கன்று கடாக்கன்று.
தூங்குகிறவள் வண்டி
காலையில் ஓர் எண்ணெய்க் கறை.

இரவு பத்தரைக்கு
அந்தத் தெருவில் திறந்திருந்தது ஒரே கதவு.
உள்ளே மெழுகுவர்த்திகள்,
கோக்கா இலை மெல்லும் வாய்கள்,
நடுக்கூடத்தில் நீளமாய் ஒரு பெட்டி.
மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன்.
கறுப்புச் சால்வைக்காரி எழுந்து வந்து
என்னை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தாள்.
"எவ்வளவு நேரமா இது வெளிய நிக்குது?"

வாசற்படி மூன்று. நாலு பேர் தூக்கினார்கள்.
நாளைக்கும் இதே நாலு பேர்தான் என்று யாரோ சொல்ல,
யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.
பூவளையங்களை ஒதுக்கி
பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தினோம்.
சைலன்ஸர் சூட்டில்
ஒரு லில்லி மட்டும் சுருண்டது.

சங்கிலியை எடுத்தேன்.
எர்மெலிந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"இந்த வீட்ல முப்பது பேர் இன்னிக்குக் கண்ணை மூட மாட்டாங்க.
மூடினவர் ஒருத்தர்தான்.
பயப்படணும்னா அவருக்குத்தான் பயப்படணும்."

இக்காவிலிருந்து சல்வான்கா வரை
தியோஃபிலோ தள்ளிக்கொண்டு போன வண்டிகளை
ஊரே எண்ணிக்காட்டியது.
நாற்பத்திரண்டு என்றார் ஒருவர்.
சைக்கிளையும் சேர்த்தா, என்றார் இன்னொருவர்.
"என் ஹோண்டாவும் அதுல ஒண்ணு.
நான் அழ வரல,
உறுதிப்படுத்திக்க வந்தேன்"
என்ற கிழவருக்கும்
ஒரு கோப்பை கரும்புச் சாராயம் வந்தது.

பூட்டை அவன் ஏறிட்டும் பார்க்க மாட்டானாம்.
ஜன்னலைத்தான் பார்ப்பானாம்.
எத்தனை தரம் விளக்கு எரிகிறது,
எந்தத் தரம் எரிய மறக்கிறது.
அதுவரை எதிர்த் திண்டில் உட்கார்ந்து
ரொட்டி தின்பானாம்.

எத்தனை ஊர்களில்
எத்தனை விளக்குகளை
யாருக்கோ எண்ணிக் கொடுத்திருக்கிறேன்?

சாராயம் இறங்கியது. குளிர் இறங்கியது.
ஒரு மாதமாகத் தூங்காத தூக்கத்தை
ஒரு திருடன் பக்கத்தில்
மர நாற்காலியில் தூங்கினேன்.

நாலு மணி இருக்கும்.
ஆட்டுமணி.

முப்பது தலைகளும் பெட்டியைத்தான் பார்த்தன.
பிறகுதான் வண்டியை.
எர்மெலிந்தா
பாவாடைகளை ஒருபக்கமாய்ச் சுருட்டிக்கொண்டு
என் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.
ஒரு கை கைப்பிடியில்,
மற்றது அவர் பெட்டியின் விளிம்பில்.

"நாற்பத்திரண்டு," என்றாள்,
"ஒண்ணுலகூட என்னை ஏத்தினதில்ல.
விடியறதுக்குள்ள வித்தாகணும் எல்லாத்தையும்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹோண்டாக்காரர் எழுந்துபோய்
தெருக்கதவை அகலத் திறந்துவிட்டார்.
மலைக்குமேல் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

குனிந்து
காலுறைக்குள் கைவிட்டேன்.
தொப்பி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.