காத்து

ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீரும் கூடாதாம்.
காசிமேட்டு வீட்டில் செலின்
நண்டுக் குழம்புச் சட்டியை மூடிவைத்தாள்.
வாசனையை எதைக்கொண்டு மூடுவாள்?

இடது சிறுநீரகத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி.
ரோபோவுக்கு நாலு கை;
டாக்டர் மூலையில் உட்கார்ந்து
கண்ணாடிக்குள் குனிந்தபடி ஓட்டுவாராம்.
மகன்தான் பயந்தான்.
நான் இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில்,
அந்தரத்துக் கூண்டில்,
விரலசைவில் கன்டெய்னர் தூக்கியவன்.
ஒன்றே ஒன்று கேட்டேன்:
"காத்து அடிச்சா நிறுத்திடுவீங்களா, சார்?"
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விழித்தபோது வயிற்றில் ஐந்து ஓட்டை,
விலாவில் ஒரு குழாய்.
வலியோ தோள்பட்டையில்:
வயிற்றை உப்பவைத்த வாயு
வழி தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்ததாம்.
நர்ஸ் இந்திராணிக்கு மூன்று வேளையும் ஒரே கேள்வி,
"காத்து பிரிஞ்சுதா?"

மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு
வராண்டா கோடிவரை நடந்தேன், திரும்பினேன், நடந்தேன்.
மூன்றாம் நாள் விடியலில் பிரிந்தது.
பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.
"ஸ்தோத்திரம்" என்றாள் செலின், சத்தமாகவே.

ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக் கூடாது.
தெருமுனையில் தண்ணி லாரி.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றுமாக
அவள் கூட்டத்திலிருந்து வெளியே வருகிறாள்.
மாடியில் நிற்கிறேன்.
கைப்பிடிச் சுவரில் என் விரல்கள்
தாமாக அசைகின்றன:
கொஞ்சம் இடது.
மெல்ல.
இறக்கு.